குதிரையிலிருந்து தெரிந்த கடல்

ஸ்கீவ என்ற டேனிஷ் நகருக்கு வடக்கே, கடற்கழி ஓரமாக இருந்த அந்தச் சிற்றூரில் கத்தோலிக்கர் என்று இருந்தவர்கள் குருசுமுத்துவும் அவர் மனைவி மார்கிரட்டும் மட்டுமே. 1985இல் அகதிகளாக வந்தவர்கள். அடுத்த வருடமே குருசுமுத்துவுக்கு மட்டி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. நல்ல உயரம், கனத்த குரல். மன்னாரில் கோயில் கூத்துகளில் ராசா வேடம் கட்டிய ஆள்.

ஒருநாள் பள்ளி ஆசிரியை இங்கர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். ஊரார் கோடையில் கடற்கரையில் ஒரு நாடகம் போடுவார்கள். அந்த வருடம் பழைய போர்க்கதை. ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் படை இந்த யூட்லாந்துப் பகுதிக்குள் புகுந்த காலம். படையை நடத்திவந்த பிரபு, ஜெனரல் ஓட்மார், எதிரி. அந்த வேடத்துக்கு ஊரில் யாரும் முன்வரவில்லை.

"அவர் சிலுவை அடையாளம் போட்டுக் கும்பிட வேண்டும். எங்களில் யாருக்கும் அது சரியாக வராது" என்று சிரித்தார் இங்கர்.

கோப்பி ஆறிப்போகும்வரை ஜெனரலின் கதையைச் சொன்னார். ஓட்மார் மலைநாட்டுப் பிரபு வீட்டின் கடைசிப் பிள்ளை. சொத்து அண்ணன்மாருக்குப் போனது. தகப்பன் இந்த ஊராரைப் போலவே லூத்தரின் புரட்டஸ்தாந்துச் சபை. மகனோ சக்கரவர்த்தியின் படையில் உயர வேண்டும் என்று கத்தோலிக்கத்துக்கு மாறினான். தகப்பன் அதன்பிறகு அவனோடு பேசவே இல்லை. ஹங்கேரியில் துருக்கியரோடு போரிட்டு இரண்டு விரல்களை இழந்தான். பொஹேமியாவில் வென்று கோமகன் பட்டம் வாங்கினான். பிறகு இந்த வடக்குக் கரை. சமாதானம் வந்ததும் திரும்பிப் போனான். சுவீடன்காரரிடம் ஒரு பெரும் போரில் தோற்றான், பதவி பறிபோனது. கடைசிக் காலத்தில் தன் கோட்டைத் தோட்டத்தில் பேரிக்காய் மரம் வளர்த்துக்கொண்டு தனியே கிடந்தான்.

குருசுமுத்து ஒப்புக்கொண்டார்.

அந்த வசந்தம் முழுதும் ஜெனரல் அவரை விட்டுப் போகவில்லை. காலையில் பனிப்புகைக்குள் சைக்கிள் மிதிக்கும்போது, பக்கத்தில் ஒரு குதிரை மெல்ல நடந்துவருவது போலிருக்கும். மட்டிகள் ஓடும் இயந்திரப் பட்டியின் முன் நின்றபடி, தன் இடது கையின் கடைசி இரண்டு விரல்களையும் அறியாமலே மடக்கிக்கொள்வார். மார்கிரட் அதைக் கண்டாள்.

"இஞ்சேருங்கோ, கை நோகுதோ?"

"இல்லையப்பா. அந்தாளின்ர விரல்."

அவள் கம்பளித் துணியில் அவருக்கு நீளமான சிவப்பு அங்கி தைத்துக் கொடுத்தாள்.

நாடகத்தின் முதல் மாலை. வெயில் இன்னும் சாயவில்லை. நீர் பால் போல வெளிறிக் கிடந்தது. விவசாயி ஸ்வெண்டின் பழுப்புக் குதிரையில் ஏறி குருசுமுத்து மணல்மேட்டில் நின்றார். கீழே ஊரார் மூட்டைகளோடு ஓடினார்கள். பிள்ளைகளைத் தூக்கிப் படகுகளில் போட்டார்கள். அந்த இடத்தில் ஜெனரல் சிரிக்க வேண்டும்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னாரில் பேசாலைக் கரையிலிருந்து படகேறிய அன்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த நீரை மட்டுமே பார்த்தார். கரையில் துப்பாக்கியோடு நின்றவனுக்குத் தப்பி ஓடுகிறவர்கள் எப்படித் தெரிந்திருப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. இப்போது தெரிந்தது. முதுகுகள். சின்னச் சின்ன முதுகுகள், சாமான் போல. குதிரையின் மேலிருந்து பார்க்க யாருடைய முகமும் தெரியவில்லை. காற்று இதமாக இருந்தது. அந்த இதம்தான் அவரைப் பயமுறுத்தியது.

"படகுகளைக் கொளுத்துங்கள்!" என்று அவர் டேனிஷில் கத்தியபோது, ஒரு குழந்தை உண்மையாகவே வீரிட்டு அழுதது.

இடைவேளையில் மணலில் உட்கார்ந்திருந்தவரிடம் மார்கிரட் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நல்லாத்தான் செய்தனீங்கள். ஆனா எனக்கு உங்களைப் பாக்கப் பயமாக் கிடந்தது."

"எனக்கும்தான்" என்றார்.

கடைசிக் காட்சி தோட்டம். கிழட்டு ஜெனரல் முழந்தாளிட்டு, தான் எரித்த ஊர்களுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். குருசுமுத்து இங்கரிடம் போனார். தனக்குத் தெரிந்த டேனிஷில் மெதுவாகச் சொன்னார்: "இந்த வசனம் வேண்டாம். இப்படிப்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை."

இங்கர் கையிலிருந்த வசனத் தாளை மடித்தார். "அப்படியானால் என்ன செய்வீர்கள்?"

"சும்மா இருப்பேன்."

அப்படியே இருந்தார். மரநாற்காலியில் அமர்ந்து சிலுவை அடையாளம் போட்டார். மூன்று விரல்களால் பேரிக்காயைப் பிடித்துக்கொண்டு தோலைச் சீவினார். ஒரு துண்டை வாயில் வைத்து, தூரத்தில் எதையோ கேட்பவர் போலத் தலையைச் சாய்த்தார். மழை தூற ஆரம்பித்தது. சனம் எழும்பவில்லை; குடைகளை விரித்துக்கொண்டு பார்த்தது. நாடகம் முடிந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஸ்வெண்ட்தான் கடைசியில் மேடைக்கு வந்து, குதிரைக்குப் போர்த்தும் கம்பளியை அவர் தோளில் போட்டு, "வீட்டுக்குப் போகலாம்" என்று கூட்டிப்போனார்.

அடுத்த கோடையில் இங்கர் மறுபடி கேட்டார். குருசுமுத்து மறுத்துவிட்டார். வேறொருவர் ஜெனரலானார்; சிரிக்க வேண்டிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார், பலத்த கைதட்டல். குருசுமுத்து மனைவியோடும் அதற்குள் பிறந்திருந்த கைக்குழந்தையோடும் பின்வரிசையில் இருந்து பார்த்தார்.

"இந்தாள் நல்லா நடிக்கிறார்" என்றாள் மார்கிரட்.

"ஓம்" என்றார் அவர், தூங்கிவிட்ட மகளின் தலையில் வெயில் படாமல் கையால் மறைத்தபடி.