தலையைத் தூக்காதே, பூபதி!

எனக்கு வாய் அதிகம். ஜூனியர்களைத் திட்டித் திட்டியே தையல் கற்றுக்கொடுத்த சர்ஜன் நான். சேலத்தில் எங்கள் மருத்துவமனைக்கு ரோபோ வந்த பிறகுதான் அந்தப் பழக்கத்துக்கு ஆபத்து வந்தது. அந்த ஆபத்தைக் கொண்டுவந்தவன் என் ஜூனியர் பூபதி.

பூபதிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். கை நேர்த்தியான கை. மரியாதை அதைவிட அதிகம். ரோபோ ஆபரேஷனில் சர்ஜன் நோயாளியை விட்டுத் தள்ளி, கன்சோலுக்குள் முகத்தை வைத்து உட்கார்ந்து கைப்பிடிகளை அசைப்பார். அங்கே ரோபோவின் கைகள் தைக்கும். முகத்தை வெளியே எடுத்தால் பாதுகாப்புக்காக ரோபோ அப்படியே நின்றுவிடும். பூபதிக்கோ பெரியவர்கள் பேசினால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லித்தான் பழக்கம். "ஊசியைத் திருப்பு" என்றால் தலை வெளியே வரும். "சரிங்க சார்." "தலையைத் தூக்காதேய்யா!" என்று கத்தினால் அதற்கும் தூக்குவான். "இனிமே தூக்க மாட்டேனுங்க சார்."

நோயாளி இல்லாமல் பழகும் சிமுலேட்டரில் இதெல்லாம் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது.

பிறகு மேட்டூர் மீன்காரர் ஒருவர் வந்தார். சிறுநீரகத்தில் கட்டி. "கட்டிய மட்டும் எடுத்துட்டு கிட்னிய உட்டுருங்க சாமி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கட்டியை நான் எடுத்தேன். தையலைப் பூபதியிடம் கொடுத்தேன்; நிஜ ஆளிடம் அவனுக்கு அதுதான் முதல் தடவை. ரத்தம் ஓடாமல் இருக்க ரத்தக்குழாயில் கிளாம்ப் போட்டிருந்தது. அரை மணிக்குள் தைத்து அதை எடுக்காவிட்டால் சிறுநீரகம் கெட ஆரம்பித்துவிடும்.

"மெதுவா இழு" என்றேன். தலை வெளியே வந்தது.

"சரிங்க சார்."

ரோபோ நின்றது. "ஐயோ, உள்ளே போ!"

"போறேனுங்க சார்." அதையும் தலையை வெளியே வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

நானே தைத்துவிடலாம் என்று இரண்டாவது கன்சோலுக்குப் போனேன். மயக்க மருந்து டாக்டர் ஸ்டெல்லா, என்னோடு படித்தவர், தடுத்தார். "பையன் நல்லாத்தான் தைக்கிறான். நீங்க வாயை மூடுங்க, கிட்னி பொழைச்சுக்கும்."

மூடினேன். மாஸ்க்குக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். தலை வெளியே வரவே இல்லை. தையல் ஒவ்வொன்றாக விழுந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளாம்பை எடுத்ததும் சிறுநீரகம் மறுபடி சிவந்தது. ரத்தக் கசிவு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆபரேஷன் முடிந்ததும் வெளியே பூபதி முகம் வெளுத்து நின்றிருந்தான். "என்ன தப்புப் பண்ணிட்டேனுங்க சார்? கடைசி வரைக்கும் நீங்க திட்டவே இல்லீங்களே?"

"நல்லாத் தைச்சேடா" என்றேன். நம்பவில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைக்க வேண்டியதாயிற்று.

இப்போதெல்லாம் ஜூனியர்கள் சரியாகத் தைத்தால் அங்கேயே "ம்" கொட்டிவிடுகிறேன். அதற்கு யாரும் தலையைத் தூக்கிப் பதில் சொல்வதில்லை.