எடுத்த பிறகும் வந்த அழைப்பு

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு நகரில் ஒரு சிறிய தொண்டு அலுவலகத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கடல் எச்சரிக்கை வந்தால் பதிந்து வைத்த தொலைபேசிகளையெல்லாம் ஒரே நேரத்தில் அழைக்கும் புரோகிராம். பதிந்த ஒவ்வொரு எண்ணும் எங்கள் பாஷையில் ஒரு லிஸனர், அதாவது காது கொடுத்துக் காத்திருப்பவர். செய்தி வந்ததும் பல திரெட்கள், அதாவது புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலையாட்கள், ஆளுக்கொரு பக்கம் ஓடி அவர்களைக் கூப்பிடும்.

எங்கள் பக்கத்தில் உச்சி வேளையில் யாராவது கூப்பிட்டால் முதல் இரண்டு தரமும் வாய் திறக்கமாட்டார்கள். பேய் மூன்றாம் தரம் கூப்பிடாதாம். கைபேசி வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு தரம் அடித்தால் போதும் என்றார்கள் கொழும்பிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எடுக்காதவர்களுக்கு மூன்று தரம் அடிக்கும்படி எழுதினேன்.

அழைப்பில் ஒலிக்கும் செய்திக்குக் குரல் பதிந்து கொடுத்தவன் வாவிக்கும் கடலுக்கும் இடையில் குடியிருந்த ஒரு மீன்பிடிக்காரன். "இது ஒத்திகை. கடல் ஏறினா எல்லாரும் பாலத்தடிக்கு வாங்க." அவன் குரல் கேட்டால் ஊர் நம்பியது. தன் எண்ணையும் பதிந்தான். பிறகு கைபேசியை மனைவியிடம் விட்டுவிட்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்த வன்னிக்கு வேலைக்குப் போனான். யுத்தம் முடிந்தது. அவன் வரவில்லை.

ஒருநாள் நண்பகல், மாதாந்த ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தபோது அவனுடைய தாய் வந்தார்.

"தம்பி, அவன்ட நம்பர எடுத்துப் போடுங்க. ஒவ்வொரு தரமும் அவன்ட குரலக் கேட்டுட்டு மருமகள் பாலத்தடிக்கு ஓடுறாள். போன மாசம் இடுப்பளவு தண்ணிக்க நிண்டவள். பேயெண்டா மூணாந்தரம் கூப்பிடாதாம், அவர் உசிரோடதான் இரிக்காராம்."

"குரலை மாத்தவா அம்மா?"

"அத அழிச்சிப் போடாதீங்க. நம்பர மட்டும் எடுங்க."

அவர் பார்த்திருக்கவே எண்ணை நீக்கினேன். "எடுத்தாச்சு, இனி வராது" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் நின்றார். நான் எண்ணை எடுத்த பிறகும் அழைப்பு வந்திருக்கிறது. மூன்றாம் தரம் அடித்தபோது மருமகள் எடுத்து, "வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறாள். தோணிக்காரர்கள் கழுத்தளவு தண்ணீரிலிருந்து இழுத்து வந்தார்களாம்.

 எனக்குக் காரணம் தெரியும். அழைக்கத் தொடங்கும்போதே புரோகிராம் பட்டியலை நகலெடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒரு திரெட் வாசிக்கும்போது இன்னொன்று அழித்து எல்லாம் குழம்பிவிடும். நடுவில் ஒருவரை நீக்கினாலும், அந்தச் சுற்று முடியும்வரை நகல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டேயிருக்கும். எங்கள் தொழிலில் இது சாதாரண விஷயம். இதையெல்லாம் படம் கீறிச் சொன்னேன். தாய் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க எடுத்த பிறகுதானே தம்பி கூப்பிட்டது?"

"ஓம், ஆனா..."

"அவ்வளவுதான் கேட்டன்." நேற்று வந்த முகம் இல்லை அது. கண்ணில் ஒரு வெளிச்சம். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த மாத ஒத்திகையில் அந்த எண் எந்த நகலிலும் இல்லை. நானே பலமுறை சரிபார்த்தேன். சுற்று முடிந்து வாவிப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாதிருந்த நேரம், என் கைபேசி அடித்தது. திரையில் அவனுடைய எண். எடுத்தேன்.

தாய்தான். பின்னால் மருமகளின் விசும்பல்.

"தம்பி, விடியத்திலிருந்து ரெண்டு பேரும் போனடியிலயே இரிக்கம். இண்டைக்கு ஏன் அவன் கூப்பிடல்ல?"

"நம்பர எடுத்திட்டன் அம்மா. நீங்கதானே சொன்னீங்க."

"போன மாசமும் எடுத்துத்தானே விட்டீங்க. அவன் கூப்பிட்டானே."