மாங் டோரோவின் நத்தை மருந்து

எலியோடோரோவுக்கு எங்கள் ஊரில் எதிரி என்று யாரும் இல்லை. ஒருவரை எதிரியாக நினைக்க அவர்மேல் கொஞ்சமாவது மதிப்பு இருக்க வேண்டும். வயதுக்கு மரியாதை கொடுத்து ‘மாங் டோரோ’ என்று கூப்பிடுவோம். அவருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

பிலிப்பைன்ஸில் லகுனா ஏரியை ஒட்டிய எங்கள் வயல்களுக்குத் தங்கநிற நத்தையைக் கொண்டுவந்தவர் அவர்தான். 1984இல் நகரத்தில் இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். இனி நத்தை வளர்த்தால் போதும், ஜப்பான்காரன் டாலரோடு வந்து வாசலில் நிற்பான் என்றார். வீட்டுப் பின்புறம் சிமென்ட் தொட்டி கட்டினார். தொட்டிச் சுவரெல்லாம் இளஞ்சிவப்பு முட்டைகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டன. ஜப்பான்காரன் வரவில்லை. தேங்காய்ப்பாலில் சமைத்துப் பார்த்த அவர் மனைவியே இரண்டாவது வாய் வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த மாங் டோரோ, பூசைச் சட்டையைக்கூட மாற்றாமல், தொட்டியை வாய்க்காலில் திறந்துவிட்டார்.

மூன்று பருவத்தில் நத்தை இல்லாத வயலே இல்லை என்றாகிவிட்டது. மாலையில் நட்ட நாற்று காலையில் இருக்காது. தண்ணீர் மட்டும் பளபளக்கும். வேறு யாராக இருந்தாலும் தலைகாட்டியிருக்க மாட்டார்கள். மாங் டோரோ நகரத்துக் கடை ஒன்றுக்கு ஏஜென்ட் ஆனார். நத்தையைக் கொல்ல மருந்து விற்றார்.

வெளிர்நிறப் பொடி. வெள்ளீயம் கலந்து செய்த பூஞ்சணக்கொல்லி. உருளைக்கிழங்கு இலையில் வரும் கருகல் நோய்க்கென்று உண்டானது. எங்கள் பக்கத்தில் உருளைக்கிழங்கே கிடையாது. இது நத்தையையும் கொல்லும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். கொன்றது, அதில் சந்தேகமில்லை. நத்தையோடு விரால் மீனும் தவளையும் மிதந்தன.

எங்கள் ஆட்களுக்கு விஷத்தை மூக்கால் அளக்கிற பழக்கம் உண்டு. வாசனையே குமட்டினால் அது கடுமையான மருந்து; வாடை இல்லாவிட்டால் சாதுவானது. இந்தப் பொடியில் வாடை அதிகமில்லை. மாங் டோரோவுக்கு அது போதுமாக இருந்தது. பொட்டலத்தை ஒவ்வொருவர் மூக்கருகிலும் நீட்டி, “குழந்தைக்குப் போடுற பவுடர் மாதிரி இருக்கு, பாருங்க” என்பார். வெறுங்கையால் மணலில் கலந்து வீசினார்கள். கண் சிவந்து எரிந்தது, தலை சுற்றியது, காலில் தோல் உரிந்தது. சேற்றிலேயே நின்ற பெண்களுக்குக் கால்விரல் நகங்கள் கறுத்து விழுந்தன. சேற்றுப்புண் என்றார் மாங் டோரோ.

அவருடைய மேற்கு வயலைப் பாசிங் எடுத்திருந்தாள். நத்தை தின்ற இடங்களில் மறுநடவு, பிறகு களையெடுப்பு, எதற்கும் கூலி கிடையாது. அதைச் செய்தவளுக்குத்தான் அறுக்கும் உரிமை. ஆறில் ஒரு பங்கு நெல் அவளுக்கு. பாசிங்குக்கு நிலமில்லை. அந்தப் பங்குதான் அவள் வீட்டில் ஐந்து பேருக்கு நாலு மாதச் சோறு.

பொட்டலத்தின்மேல் இருந்த ஆங்கிலத்தை அவளுக்கு வாசித்துச் சொன்னது நான்தான். தோலில் படக்கூடாது, தூசியை மூச்சில் இழுக்கக்கூடாது, கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து, மீன் உள்ள நீரில் கலக்கவே கூடாது. அவள் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

மறுநடவு அன்று பாசிங்கும் அவளுக்கு உதவிக்கு வந்தவர்களுமாக ஐந்து பெண்கள் வரப்பில் நின்றார்கள், யாரும் இறங்கவில்லை.

“மருந்து எப்ப போட்டீங்க, மாங் டோரோ?” என்றாள் பாசிங்.

“நேத்துக் காலைல. ஏன், நாள் நட்சத்திரம் பாக்கணுமா?”

“தண்ணியில பூச்சியாவது ஓடட்டும். அப்புறம் இறங்குறோம்.”

“அதுக்குள்ள நாத்து கிழவியாயிடும், உன்ன மாதிரி.”

“இந்தக் கிழவிக்கு நகமாவது இருக்கு. லூமெங்குக்கு ரெண்டு விரல்ல போயிடுச்சு.”

பக்கத்தில் நின்ற லூமெங் காலைத் தூக்கிக் காட்டினாள். “மூணு. நல்லாப் பாத்துச் சொல்லு.”

“திருவிழாவுல இறுக்கமான செருப்பு போட்டு ஆடினா நகம் போகாம என்ன செய்யும்?”

“செருப்பா? நீங்களா வாங்கிக் குடுத்தீங்க? உங்க வீட்டம்மா காதுல விழப்போகுது!” என்றாள் லூமெங்.

பெண்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. “இந்தத் தண்ணியில மொகமே கழுவலாம், தெரியுமா?”

“கழுவுங்க” என்றாள் பாசிங்.

சிரிப்பு நின்றது. மாங் டோரோ வயலைப் பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு விரல்நுனியை மட்டும் நனைத்து, நெற்றி, நெஞ்சு, இரு தோள் என்று சிலுவை போட்டுக்கொண்டார். “ஆச்சு.”

“ஃபாதர், எங்களுக்கும் தெளிச்சு விடுங்க” என்றாள் லூமெங்.

“நாளைக்கு வேற ஆளு இறங்கும். வயல் இனி உனக்கில்ல, பாசிங்!” என்று கத்திவிட்டுப் போனார்.

ஒருத்தி எடுத்த வயலில் இன்னொருத்தி கால்வைக்க மாட்டாள். அவளாகவே விட்டுப்போனால் மட்டும் அது வேறு. அதனால் பாசிங் விட்டுப்போகவில்லை. விடிந்ததும் வந்து, மடியில் ஒரு நாற்றுக்கட்டை வைத்துக்கொண்டு, இருட்டும்வரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். மாங் டோரோ மூன்று நடவுக் கூட்டத்தாரிடம் போய்க் கேட்டார். மூன்று கூட்டத்தாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். வரப்பில் அவளைக் கண்டதும் திரும்பினார்கள்.

நாலாம் நாள் உச்சிவெயிலில் அவரே வந்தார். இரண்டு காலிலும் முழங்கால்வரை பிளாஸ்டிக் பை, மேலே ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார். கையில் உறை, மூக்கில் கைக்குட்டை. குழந்தைப் பவுடர் என்று ஊருக்கே விற்றவர் அப்படி வந்து நின்றார்.

அவர் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் இறங்கி, கோணலாக ஒரு வரிசை நட்டார். இரண்டாம் வரிசையில் இடது பையைச் சேறு உருவிக்கொண்டது. வெறும் பாதம் தண்ணீரில் பட்டதும் அவர் வாயிலிருந்து வந்த சத்தம் சாலைவரை கேட்டது. நாற்றைப் போட்டுவிட்டு, ஒரு காலில் பையோடு பம்புக்கு ஓடி, சோப்புக் கேட்டுக் கூப்பாடு போட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு பொட்டலம்கூட விற்கவில்லை. பத்தாம் நாள் தண்ணீர்மேல் பூச்சி ஓடியதைப் பார்த்துவிட்டுப் பாசிங் இறங்கினாள். அப்போதும் பயம்தான், அந்த விஷம் சேற்றில் எத்தனை நாள் கிடக்கும் என்று பொட்டலத்தில் போட்டிருக்கவில்லை. நாற்று முற்றிப்போயிருந்ததால் விளைச்சல் குறைந்தது. இருந்தாலும் அறுத்தவள் அவள்தான். ஆறில் ஒரு பங்கைச் சாக்குகளில் கட்டி, முதல் சாக்கைத் தலையில் தூக்கினாள்.

களத்தோரம் நின்ற மாங் டோரோ, நெல் வாங்க வந்த வெளியூர்க்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பத்து நாள் விட்டு இறங்குங்கன்னு நாந்தான் சொன்னேன். இவளுகளுக்கு என்ன தெரியும்?”

“வழிய விடுங்க, மாங் டோரோ. கனமா இருக்கு” என்றாள் பாசிங். அவர் விலகி நின்றார்.