அக்டோபரில் எடுத்த கிறிஸ்மஸ் படம்

"மோனி மாஷி ஆர் நேய், திதி."

ஜெபமணி அக்கா இனி இல்லை என்று மாம்பி தொலைபேசியில் வங்காளத்தில் சொன்னபோது, சால்ட் லேக்கில் எங்கள் அலுவலக வாசலில் இரண்டு பேர் ஏணி போட்டுக் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் இரண்டாவது வாரம். அக்காவுக்கு அநேகமாக எந்தக் கெட்டதும் பண்டிகை நெருங்கும்போதுதான் நடக்கும். இதுவும் அப்படியே நடந்தது.

கொல்கத்தா தமிழ்ச் சபையில் அக்காவை எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கம் நீண்டால் கடிகாரத்தைப் பார்ப்பவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தெற்கே உள்ள ஒரு மிஷனெரி சங்கம் அவரை இருபத்திரண்டு வயதில் இங்கே ஊழியத்துக்கு அனுப்பியது. ஜாதவ்பூரில் ரயில் பாதையோரக் குடிசைப் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடத்தினார். தொண்ணூறுகளின் நடுவில் நானும் அதே சங்கத்தின் ஊழியராக வந்து, அவரோடு ஒரே அறையில் தங்கினேன். மாம்பி அப்போது அந்தப் பள்ளியில் மூக்கு ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்த சிறுமி. இப்போது கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறாள்.

என் முதல் டிசம்பரில் இந்த ஊரைப் பார்த்து வாயைப் பிளந்தேன். கும்பிடுகிற சாமி எதுவானாலும் தெருவில் எல்லோர் கையிலும் கேக் பொட்டலம். வீட்டுக்காரம்மா எங்களுக்கே கேக் கொண்டுவந்து, "இன்று பொரொதின், பெரிய நாள், உங்கள் பூஜை அல்லவா?" என்று தந்துவிட்டுப் போனார். அக்கா அதைப் பிய்த்து என் கையில் பாதியை வைத்தார். "பாத்துக்கோட்டி. இந்த ஊர்ல எல்லாருக்கும் கிறிஸ்மஸ் உண்டு. நமக்குத்தான் டூட்டி" என்றார்.

டூட்டி என்றால் என்னவென்று அடுத்த அக்டோபரில் தெரிந்தது. சங்கத்தின் மாத இதழுக்கு டிசம்பர் மாதம்தான் முக்கியம். தெற்கே சபை மக்கள் அதில் வரும் கிறிஸ்மஸ் படங்களைப் பார்த்துத்தான் மனமிளகிக் காணிக்கை அனுப்புவார்கள். இதழ் டிசம்பர் பிறக்கும்போதே வீடுகளுக்குப் போய்ச்சேர வேண்டும். எனவே ஊழியர்கள் வேலை செய்யும் களத்தில் கிறிஸ்மஸ் அக்டோபரிலேயே நடந்தாக வேண்டும். துர்கா பூஜை நேரத்தில், புழுங்கித் தள்ளும் வெயிலில், செயலாளர் ஒரு படக்காரரோடும் ஒரு பெட்டி ஸ்வெட்டரோடும் வந்து இறங்கினார். வெளியே பூஜைப் பந்தலில் டாக் மேளம் காதைப் பிளந்தது. உள்ளே பிள்ளைகளுக்குக் கம்பளி ஸ்வெட்டர் மாட்டி, நட்சத்திரம் தொங்கவிட்டு, "சிரி, சிரி" என்றார்கள். படம் எடுத்து முடிந்ததும் ஸ்வெட்டர்களைக் கழற்றி, எண்ணி, பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். அடுத்த களத்திலும் கிறிஸ்மஸ் எடுக்க வேண்டுமாம்.

அந்த வருடம் உண்மையான கிறிஸ்மஸ் காலையில் நல்ல பனி. கிழிந்த பாவாடையைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு மாம்பி வந்து நின்றாள். "மாஷி, அந்தப் பொரொதின் சட்டை எங்கே?" என்று கேட்டாள். அக்கா தன் சால்வையை எடுத்து அவளுக்குச் சுற்றிவிட்டார்.

அக்காவுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. ஒரு கிறிஸ்மஸுக்காவது ஊருக்குப் போய் அம்மாவோடு இருக்க வேண்டும். மாவு சலித்து, பாகு காய்ச்சி, முந்திரிக்கொத்து உருட்டி, விடியற்காலை ஆராதனைக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வருடா வருடம் விடுப்பு கேட்பார். கிறிஸ்மஸுக்கு ஊழியர் களத்தில்தான் இருக்க வேண்டும் என்று பதில் வரும். "இயேசுவே சொந்த ஊரிலே பிறக்கலையே, சிஸ்டர்" என்று செயலாளர் ஒருமுறை நயமாகச் சொன்னார். அக்கா விடவில்லை. "சரிதான் ஐயா. ஆனா மரியாள் பெறவு ஊருக்குத் திரும்பிப் போனாளே. அவளுக்கு யாரு லீவு குடுத்தா?" என்றார். செயலாளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதற்கடுத்த வருடம் விடுப்பு கிடைத்தது. அம்மாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டதால், போனால் போகிறது என்று சம்மதித்தார்கள். ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அக்டோபரில் வழக்கம்போலப் பெட்டி வந்தது. இந்த முறை அக்காவுக்கும் ஒரு சிவப்புக் கம்பளிச் சால்வையைப் போர்த்திப் பிள்ளைகளின் நடுவே உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். முடிந்ததும் செயலாளரின் உதவியாளர் ஸ்வெட்டரைக் கழற்ற வந்தார். அக்கா எழுந்து பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"குடுத்தது குடுத்ததுதான், ஐயா. பிள்ளைங்க மேல இருந்து உரிக்க விடமாட்டேன்."

"சிஸ்டர், இது மற்ற களங்களுக்கும் போகணும். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும். குளிருன்னும் ஒண்ணு இருக்கு."

ஸ்வெட்டர்கள் ஜாதவ்பூரிலேயே தங்கின. அக்காவும் தங்கினார். பத்து நாளில் விடுப்பு ரத்து என்று செய்தி வந்தது. ஊரில் அம்மா தனியாக முந்திரிக்கொத்து செய்து யாரிடமோ கொடுத்தனுப்பினார். அது தூளாக வந்து சேர்ந்தது. அதை அக்கா கரண்டியால் அள்ளித் தின்றதை நான் பார்த்தேன். அழவில்லை. மாசியில் அம்மா இறந்துபோனார். நான் அந்த வருடமே சங்கத்தை விட்டு வேறு வேலைக்குப் போனேன். அக்கா போகவில்லை. "ஏட்டி, நீ போ. இந்தப் பிள்ளைங்க கூப்பிட்டா நாந்தானே வரணும்" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒருமுறை கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போனார், தம்பி வீட்டுக்கு. புது வருடம் பிறக்கும் முன்பே திரும்பி வந்துவிட்டார். என்ன அக்கா என்றேன். "அம்மா இல்லாத வீட்டுல நான் விருந்தாளிட்டி. எல போட்டு உக்கார வச்சிட்டாவ. அடுக்களைல ஒரு தேங்கா துருவக்கூட விடல. கோயில்ல ஊழியத்தப் பத்தி சாட்சி சொல்லச் சொன்னாவ. சொன்னேன். வந்துட்டேன்" என்றார். அதன்பின் ஊரைப் பற்றிப் பேசியதில்லை.

அக்காவின் அடக்கத்துக்குத் தம்பி வரவில்லை. பண்டிகை நேரம், டிக்கெட் இல்லையாம். வந்தவர்களில் பாதிப்பேர் ரயில் பாதையோரத்து ஆட்கள். மறு ஞாயிறு சபையில் நினைவுக் கூட்டம். சங்கம் பெரிதாக்கிய படம் ஒன்றை அனுப்பியிருந்தது. அந்தச் சிவப்புச் சால்வைப் படமேதான். இப்போதைய செயலாளர் மைக்கைப் பிடித்து, "நம் சகோதரி ஒரு கிறிஸ்மஸுக்குக்கூட ஊருக்குப் போக ஆசைப்பட்டதில்லை. களத்துப் பிள்ளைகளோடு கொண்டாடுவதே அவருக்கு மகிழ்ச்சி. இந்தச் சிரிப்பே சாட்சி" என்றார்.

பக்கத்தில் இருந்த மாம்பிக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் எழுந்தே விட்டாள்.

"மித்தே கொதா!"

பொய் என்று கத்தினாள். அந்தப் படம் எடுத்தது பூஜை நேரம், வெளியே டாக் அடித்தது, கம்பளியில் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது, மாஷி ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாள், எங்களுக்காகத்தான் போக முடியாமல் போயிற்று என்று வங்காளத்தில் மூச்சுவிடாமல் சொன்னாள். தமிழ்ச் சபையில் வங்காளம் தெரியாதவர் யார்? எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செயலாளர் பாட்டு எண்ணைச் சொன்னார். பாடினோம்.

கூட்டம் முடிந்து நான் அந்தப் படத்தின் அருகே போய் நின்றேன். நீங்களும் சபைக்குப் போனால் பாருங்கள், இன்னும் அங்கே சுவரில்தான் இருக்கிறது. அக்காவின் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. மாம்பியின் முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. அந்தச் சிரிப்பைச் சங்கமே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த வியர்வை போதும்.