எதிர் பஸ்ஸின் ஜன்னல்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற பஸ்ஸில் நாவல் படிக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். நாங்களெல்லாம் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் ஜன்னலோரமாக இருந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆம்பிளை ஸ்வெட்டர், மூக்கு நுனியில் கண்ணாடி. அசராமல் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

எதிரே பஸ் வந்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவார். மலை வளைவில் ஒரு பஸ் ஒதுங்கி வழிவிடும்போது ஜன்னலும் ஜன்னலும் கைக்கெட்டும் தூரத்தில் வரும் அல்லவா? அங்கே எந்த முகம் தெரிந்தாலும் பளிச்சென்று சிரிப்பார். அவர்கள் திகைத்துவிட்டுத் திரும்பச் சிரிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும்.

"தெரிஞ்சவங்களாங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தரையும் தெரியாதுங்க. இந்தக் கதையில அவன் பாக்கிறப்போ அவ குனிஞ்சுக்கிறா. அவ நிமிர்றப்போ அவன் திரும்பிக்கிறான். ரயில்ல, கோயில்ல, கல்யாண வீட்டுல, எங்க பாத்தாலும் இதே சோலி. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கிடலை. மூணாவது தடவையா படிக்கிறேன், இன்னும் ஆத்திரம் அடங்கலை. அதான், நான் பாத்தா சிரிச்சிருவேன்."

பண்ணைக்காடு பிரிவில் இறங்கினார். அவர் இடத்துக்கு நகர்ந்த நான் செல்போனுக்குள் குனிந்துவிட்டேன். கண்டக்டர் விசில் கேட்டு நிமிர்ந்தால், அந்த அம்மா பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து, மடக்கிய குடையோடு சாரலில் நனைந்தபடி, ஜன்னலுக்குக் கீழே என்னையே பார்த்து நிற்கிறார்.

நான் சிரித்த பிறகுதான் குடையை விரித்தார்.