அந்த அக்கா மடியில் இருந்த பை

இன்று காலை திருமானூரிலிருந்து அரியலூர் வந்த பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. மேற்கு வங்கத்துக் கொத்தனார் ஒருவர், உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம் தன் பையை மடியில் வைத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு நின்றிருந்தார்.

யூனிஃபார்ம் போடாத ஓர் ஆள் அவரை மடக்கினான். "பங்களாதேஷா நீ? பையைத் தொற."

"வெஸ்ட் பெங்கால் சார்."

அவன் பைக்குக் கை நீட்டினான். அக்கா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க யாருங்க?"

"போலீஸ்."

"அப்ப மொதல்ல உங்க கார்டைக் காட்டுங்க. இது அவரு என்னை நம்பிக் குடுத்த பை. அவரு கேட்டாத்தான் தருவேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கார்டு வரவில்லை. அடுத்த ஸ்டாப்பில் 'போலீஸ்' இறங்கிவிட்டது.

எங்கள் வீட்டு பீரோவுக்கு ரெண்டு பூட்டு. அந்த மடி அளவுக்குப் பத்திரமா என்று இப்போது சந்தேகம். உங்கள் பஸ்ஸில் இப்படி ஓர் அக்கா உண்டா?