வெள்ளிக்கிழமைத் திகதி

யுத்த காலத்தில் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். புல்மோட்டையிலிருந்து மூட்டைகளில் வரும் கனிய மணல் எங்கள் துறைமுகத்தில் கப்பலேறும். கடைசி மூட்டை ஏறியதும், இன்ன சரக்கு இன்ன நாளில் ஏற்றப்பட்டது என்று கப்டன் ஒப்பமிடும் கப்பற்சீட்டை நான்தான் அடிப்பேன்.

மணலை வாங்குபவர் ஒரு நாட்டில் இருப்பார். கப்பல் வேறொரு நாட்டுடையது. கப்டன் இன்னொரு நாட்டவர். ஒருவரையொருவர் கண்டதே இல்லை. ஆனாலும் எல்லா நாட்டு வங்கிகளும் ஒரே விதியைத்தான் கைக்கொண்டன: மணலைப் பார்க்க வேண்டாம், காகிதத்தைப் பார். காகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் பணம் கிடைக்கும். பணம் தர உறுதி சொல்லி வாங்குபவரின் வங்கி அனுப்பிய நாணயக் கடிதத்தில் உள்ள கடைசித் திகதிக்கு, சரக்கு ஏற்றிய நாள் ஒரு நாள் பிந்தினாலும் கிடைக்காது. சந்திக்குச் சந்தி சட்டம் மாறிய ஊரில் இருந்துகொண்டு அந்த விதியை நினைக்க எனக்கு வியப்பாக இருக்கும்.

அந்த முறை கடைசித் திகதி வெள்ளிக்கிழமை. அன்று காலை துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. கடற்படையினர் துறைமுக வாசலை மூடி, வேலைக்காரர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. சனி காலைதான் திறந்தார்கள். மூட்டை எண்ணும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த என் மகனும் உள்ளே போனான். அவனுக்கு இருபது வயது.

மதியம் ஏற்றி முடிந்தது என்று செய்தி வந்தது. மனேஜர் என் மேசைக்கு வந்தார்.

“வெள்ளி எண்டு போடுங்கோ, தங்கச்சி. எண்ணினவையின்ர தாளையும் வெள்ளிக்கு மாத்துவம்.”

“வெள்ளி வாசல் பூட்டு, சேர்.”

“அது எங்களுக்குத் தெரியும். லண்டன் பாங்குக்குத் தெரியுமோ?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். “பாங்குக்கு மணலும் தெரியாது, வெடியும் தெரியாது.”

இது எங்களுக்குப் புதிதல்ல. தாளைச் செருகித் திகதி வரைக்கும் அடித்தேன். அங்கே கை நின்றது. கப்பற்சீட்டில் வெள்ளி என்றால், அதனோடு பொருந்த மூட்டை எண்ணியவர்களின் தாளிலும் வெள்ளி என்றே வர வேண்டும். எண்ணிக்கைத் தாளின் ஒரு பிரதி கடற்படை வாசலுக்குப் போகும். வெளியே வருபவர்களின் பெயரை அதில் பார்த்துத்தான் விடுவார்கள். அந்தத் தாளில் என் மகனின் கையெழுத்து இருக்கும்.

“சேர், வெள்ளி எண்டு போட்டால், வெடி வெடிச்ச அண்டைக்கு என்ர மகன் உள்ளுக்க நிண்டவன் ஆகிறான்.”

“வாசலுக்கு வேற கொப்பி குடுப்பம்.”

“எந்தக் கொப்பி எவன்ர கையில போகும் எண்டு ஆருக்குத் தெரியும்? திகதியை நீட்டித் தரச்சொல்லி வாங்கிறவையைக் கேளுங்கோ.”

“ஏலாது எண்டு சொன்னால்? கப்பல் மணல் முழுக்க எங்கட தலையில.”

“நான் சனி எண்டுதான் அடிக்கிறன்.”

“இவ்வளவு நாளும் இல்லாத நேர்மை இண்டைக்கு எங்கையிருந்து வந்தது?”

முன்பு இரண்டு முறை இப்படித் திகதி மாற்றி அடித்திருக்கிறேன். மகன் வீட்டில் இருந்திருந்தால் அன்றும் அடித்துவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரித்திருப்பேன்.

கப்பற்சீட்டில் சனிக்கிழமை என்றே அடித்துக் கொடுத்துவிட்டுத் துறைமுக வாசலுக்குப் போனேன். எதிர்ப்பக்கம் நின்றேன். மகன் வரிசையில் நின்றான். கடற்படைக்காரன் தாளில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, ஏதோ கேட்டான். பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினான். மகனைப் பார்த்துக் கை காட்டவும் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருவழியாக அவன் வெளியே வந்தான்.

“இஞ்ச ஏனம்மா நிக்கிறீங்கள்?”

“சாமான் வாங்க வந்தனான். என்ன கேட்டவன்?”

“நேற்றும் வந்தனியோ எண்டு. இல்லை எண்டனான். தாளை இரண்டு பேரும் திருப்பித் திருப்பிப் பாத்திட்டுப் போகச் சொன்னவங்கள்.”

அவனுடைய சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சின்னப்பிள்ளையைப் போல இருக்கிறது, விடுங்கோ என்றான். நான் விடவில்லை.

வாங்குபவர்கள் விலையைக் குறைத்துக்கொண்டு திகதியை நீட்டித் தந்தார்கள். மனேஜர் நெடுநாள் என் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. அன்றிரவே வேலையை விடச் சொல்லி மகனிடம் கெஞ்சினேன். விட்டுட்டு வீட்டில் இருந்தால் மட்டும் வந்து பிடிக்க மாட்டாங்களோ என்று கேட்டான். திங்கட்கிழமை அடுத்த கப்பலுக்குப் போனான். அவன் ஒப்பமிட்ட தாள்கள் மேசைக்கு வரும்போதெல்லாம், முதலில் திகதியைத்தான் பார்ப்பேன். பார்த்துவிட்டு, மீண்டும் ஒருமுறை பார்ப்பேன்.